அம்மாவின் முகத்தோடு வந்தவள்

செப்டம்பர் 14

எண்ணெய் மறுபடி கருகிவிட்டது. கத்தரிக்காயை வளையமாக நறுக்கிப் பாலில் ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரித்து, மேலே கரும்புப் பாகு ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. அம்மா யாருடனாவது சண்டை போட்டுக்கொண்டே இதைச் செய்து முடிப்பாள். ஜூனில் இந்த அடுப்பின் முன்னால்தான் விழுந்தாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் ஓடி வந்தபோது கரண்டி இன்னும் கையில் இருந்தது.

அப்பா இன்றும் எங்கள் சாப்பாட்டுக் கடையின் முன்பக்கம் மதுக்கோப்பைகளைத் துடைத்தபடி நின்றார். துடைத்ததையே துடைக்கிறார். யார் என்ன கேட்டாலும் ஊற்றுகிறார், கூடவே சின்னத் தட்டில் ஏதாவது வைக்கிறார். பேச்சு மட்டும் கிடையாது.

மாடியில் தாத்தா, அம்மாவின் அப்பா. நினைவு தப்பி ரொம்ப நாளாகிறது. அம்மா போனதை அவரிடம் சொல்லவில்லை. ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். தினமும் கேட்கிறார், தினமும் சொல்கிறேன்.

கடை மூடும் நேரத்தில், பரிமாறும் சாரோ அக்கா என்னைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

“சொன்னா கோவப்படக் கூடாது. மீன்காரன் பாஸ்குவால் உங்கம்மாவைப் பாத்தானாம். சர்ச் மேட்டுல, எதிர்க்க அல்ஹம்ப்ராக் கோட்டையைப் பாத்துக்கிட்டு நின்னாளாம்.”

“குடிச்சிருப்பான்.”

“காலைல பத்து மணிக்கா?”

“பாஸ்குவாலுக்குப் பத்து மணிங்கறது லேட்டு.”

சிரித்தாள். ஆனால் சிலுவையும் போட்டுக்கொண்டாள்.

செப்டம்பர் 15

பேப்பர் விற்கும் கிழவியும் பார்த்தாளாம். “வா எங்கார்னா, இன்னைக்கு என்ன சமையல்?” என்று அம்மா பேரைச் சொல்லிக் கேட்டுவிட்டாளாம். கேட்ட பிறகுதான் சவ ஊர்வலத்துக்குத் தான் போனது ஞாபகம் வந்ததாம். தண்ணீர் கொடுத்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

செப்டம்பர் 17

நான் பார்த்தேன்.

ரொட்டி வாங்கப் போயிருந்தேன். சந்து முழுக்க வெயில். சுற்றுலாக்காரர்களின் பெட்டிச் சக்கரங்கள் கூழாங்கல் தெருவில் கடகடவென்று உருள்கிற சத்தம். பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இடது தோள் கொஞ்சம் தூக்கி. ஒரு பாதத்தைச் செருப்பிலிருந்து எடுத்து இன்னொரு கணுக்காலில் தேய்த்துக்கொண்டு.

அம்மா அப்படித்தான் நிற்பாள். கால் கடுத்தால் அப்படித்தான்.

திரும்பினாள். அதே மூக்கு. அதே மேலுதட்டு மச்சம். கழுத்தில் கேமரா. என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள். பெற்ற பெண்ணை அடையாளம் தெரியாத மாதிரி. நான் என்ன பண்ணேன்? ரொட்டிப் பையைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்துட்டேன். செத்துப்போனவளைக் கண்டு பயந்ததா, இல்ல அவ என்னைக் கண்டுக்காம போனாளே, அதுவா? தெரியல.

அப்பாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 18

சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. மதியம் கடைக்குள்ளேயே வந்துவிட்டாள்.

கூட்டமான நேரம். ஒவ்வொரு மேசையாகப் பேச்சு அணைந்தது. சாரோ அக்காவின் தட்டு கீழே விழுந்தது. அந்தப் பெண் வாசலுக்குள் இரண்டடி வைத்து நின்றாள்.

“இங்கயுமா? இந்த ஊர்ல எல்லாரும் ஏன் என்னை இப்படிப் பாக்கறீங்க?”

குரலும் அம்மாவுடையதுதான். பேச்சு மட்டும் வடக்கத்திப் பேச்சு. எழுத்தெல்லாம் முழுசாக வருகிறது. எங்களைப் போலக் கடைசி எழுத்தை விழுங்குவதில்லை.

பெயர் எதுர்னே. ஸ்பெயினின் வடகோடியில், பாஸ்க் நாட்டில் கடலோர ஊர். எங்கள் கிரனாடாவுக்கு இப்போதுதான் முதல் தடவை. ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து இதே கூத்து என்றாள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓடியே போனாராம். யாரோ ஒரு அம்மாள் கன்னத்தைத் தடவிவிட்டு அழுதாளாம். “தெற்கத்திக்காரங்களே இப்படித்தான் போலன்னு நெனச்சேன்.”

அப்பா சமையலறைக்குள் போனார். அம்மா போனதிலிருந்து அவர் உள்ளே கால் வைத்ததில்லை. ஆரஞ்சும் உப்பு மீனும் ஆலிவும் போட்டு அம்மா தனக்கென்று கலந்துகொள்ளும் தட்டை, அதேபோல் வெங்காயம் அதிகமாகப் போட்டு, அவரே கலந்து கொண்டுவந்து வைத்தார். அவள் சாப்பிட்டாள். ஆலிவ்களை மட்டும் ஒவ்வொன்றாக ஒதுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கினாள். அம்மாவும் கடைசியில் தின்பதற்கென்று அப்படித்தான் அடுக்குவாள். சாரோ அக்கா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள்.

பிறகு சுவரில் இருந்த அம்மாவின் படத்தை அக்கா காட்டினாள். ஜூன் மாதம் கட்டிய கறுப்பு ரிப்பன் அதில் இன்னும் இருக்கிறது. எதுர்னே எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

மீதித் தட்டை அப்பா தன் பக்கம் இழுத்து, அவள் வைத்த முள்கரண்டியாலேயே சாப்பிட்டு முடித்தார்.

செப்டம்பர் 20

மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவளே கேட்டாள், அம்மா எப்போது பிறந்தாள் என்று.

“எழுபத்தொண்ணு, பிப்ரவரி பதினொண்ணு,” என்றேன்.

“நான் அதே மாசம் ஒன்பது.” மூச்சு விட்டாள். “அப்ப இல்ல. ரெண்டு நாள் வித்தியாசம் இருக்கு.”

“எங்க பொறந்தீங்க?”

ஊரின் பெயரைச் சொன்னாள். அப்பா துடைப்பதை நிறுத்தினார். அம்மா பிறந்ததும் அங்கேதான். பாட்டி யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில் வலி வந்துவிட்டது என்று கதை. அந்த ஊரில் எங்களுக்குச் சொந்தம் என்று யாரையும் நான் பார்த்ததில்லை.



செப்டம்பர் 24

அப்பா முகச்சவரம் செய்துகொண்டார். எதுர்னே விடுதியைக் காலி செய்துவிட்டு எங்கள் மாடிப் பின்னறைக்கு வந்துவிட்டாள். அப்பாதான் கூப்பிட்டார். தாத்தாவின் அறை முன்பக்கம். அந்தக் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.

“உங்கப்பா சென்ட் போட்டிருக்காரு,” என்றாள் சாரோ அக்கா. “எனக்கு இது சரியாப் படல. நீ சின்னப் பொண்ணு, உனக்குப் புரியாது.”

இருபத்தாறு வயதில் புரியாமல் என்ன.

செப்டம்பர் 28

காலையில் குளிர் தட்டியது. அவள் கீழே இறங்கி வந்தபோது அம்மாவின் பச்சைக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். அப்பா எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடையில் என்றைக்கும் இல்லாத கூட்டம். சாப்பிட வருகிறவர்கள் பாதிதான். மீதிப் பேர் அவளைப் பார்க்க வருகிறார்கள். பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “எங்கார்னா, எப்படி இருக்கே?” என்கிறார்கள். முதல் நாள் “நான் எதுர்னே” என்று திருத்தினாள். இப்போது திருத்துவதில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

செப்டம்பர் 30

இதை எப்படி எழுதுவது?

எதிர் வீட்டு விசித்தா வந்தாள். அவளுக்கும் அம்மாவுக்கும் நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே பேச்சு கிடையாது. ஒரு சுவர்த் தகராறு. சாவுக்குக்கூட அவள் வரவில்லை. இன்று கறுப்பு உடையில் வந்து எதுர்னேயின் முன்னால் நின்றாள்.

“எங்கார்னா, நான் உன் சாவுக்கு வரல. அன்னைக்கு ஜன்னலைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்துட்டேன். மன்னிச்சிடு.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுர்னே கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். விசித்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“மன்னிச்சிட்டேன். போ, மனசுல வெச்சுக்காத.”

எங்கள் பேச்சில் சொன்னாள். கடைசி எழுத்தை விழுங்கி. அம்மாவைப் போலவே.

நான் பின்கதவு வழியாகப் போய், கடை மூடும்வரை மல்லிக்கொடியின் கீழே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 3

கேட்டுவிட்டேன். துணி காயப்போடும்போது.

“என் அம்மா பேர்ல மன்னிக்க நீங்க யாரு?”

கிளிப்பை வாயில் கடித்தபடி நின்றாள். எடுத்துவிட்டுச் சொன்னாள், “தெரியும். தப்புதான். ஆனா, ஹிமேனா, எங்க ஊர்ல எனக்கு எங்கம்மா மட்டும்தான். கல்யாணம் பண்ணல. மீன் டப்பா அடைக்கிற ஆலை, வீடு, ஆலை. நான் தெருவுல நடந்து போனா யாரும் திரும்பக்கூட மாட்டாங்க. இங்க இந்த மேட்டு ஜனமே எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு.”

“உங்களுக்காக இல்ல.”

“இல்லதான்.”

சாப்பாட்டு மேசையில் அப்பா, “எங்கார்னா, உப்பு” என்றார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார், அவளும் நிமிராமல் கொடுத்தாள். இருபது வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் மாதிரி. அந்த மேசையில் விருந்தாளி நான்தான்.

அக்டோபர் 5

தாத்தா இன்று சாப்பிட மறுத்துவிட்டார். எங்கார்னா வந்தால்தான் என்கிறார். கரண்டியைத் தட்டிவிட்டார்.

அப்பா சொன்னார், “இவ போய் ஒருவாய் ஊட்டட்டும். கிழவர் மனசு குளிரும்.”

“அது பொய்ப்பா.”

“ஊருக்குப் போயிருக்கான்னு நீ தினம் சொல்றியே, அது என்ன?”

நாளை மதியம் என்று முடிவாயிற்று.

அக்டோபர் 6

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

நல்ல வெயில். மசூதியிலிருந்து மதியத் தொழுகை அழைப்பும், அதற்குக் கொஞ்சம் பின்னால் சர்ச் மணியும் கேட்டது. தாத்தா ஜன்னலோரம் நாற்காலியில். எதிர்மேட்டில் அல்ஹம்ப்ராவின் சுவர் சிவந்து கிடந்தது. எதுர்னே பச்சைக் கம்பளியில், அம்மாவைப் போல் கொண்டை போட்டுக்கொண்டு, சூப்புக் கிண்ணத்தோடு உள்ளே போனாள். நான் பின்னால். அப்பா வாசலில்.

“அப்பா,” என்றாள். “வந்துட்டேன். சாப்பிடலாமா?”

தாத்தா பார்த்தார். இந்த மேடு முழுக்க ஏமாந்தது. அப்பா ஏமாந்தார். பச்சைக் கம்பளியைக் கண்டு நானும் ஏமாந்தேன். நினைவே இல்லாத இந்த மனுஷன் ஏமாறவில்லை. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, சந்தையில் பழம் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கன்னியாஸ்திரீகளிடம் பேசுகிற மரியாதைக் குரலில் சொன்னார்.

“சிஸ்டர், இது அது இல்ல. இது இன்னொண்ணு.”

தாத்தா கையை ஆட்டிக்கொண்டே தொடர்ந்தார்.

“ஒண்ணு போதும்னு அன்னைக்கே சொன்னேனே. என் சம்சாரம் ஒண்ணுக்குத்தான் துணி தெச்சு வெச்சிருக்கா. இதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க. அந்தப் பொம்பளைகிட்டயே குடுத்துடுங்க.”

எதுர்னே கிண்ணத்தை மேசையில் வைத்தாள். ஒரு துளிகூடச் சிந்தாமல் வைத்தாள். கொண்டையை அவிழ்த்தாள்.

அக்டோபர் 7

பின்னறை காலி. பச்சைக் கம்பளி கட்டில்மேல் மடித்து வைத்திருந்தது.

அக்டோபர் 10

அப்பா கடையைத் திறக்கவில்லை. மூன்று நாளாகக் கதவு சாத்தியிருக்கிறது.

நான் தாத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். என்னை இன்னும் சிஸ்டர் என்றேதான் நினைக்கிறார். அதனால் சிஸ்டராகவே கேட்டேன். இரண்டில் ஒன்றை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள்?

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“ஒரே கூடையில ரெண்டும் கெடந்துச்சு. ஒண்ணு ஒடம்பு நீலம் பாரிக்கற வரைக்கும் அழுதுச்சு. ஒண்ணு தூங்குச்சு. நீங்கதானே காட்டினீங்க, ஞாபகம் இல்லியா? தூங்கறதைக் குடுங்கன்னேன். நான் தூக்கிட்டுப் போன நாளையே பொறந்த நாளா எழுதிக் குடுத்தீங்க. மருந்துக்கடை வெச்சிருக்கறவனுக்கு வீட்டுல அமைதி வேணும்ல?”

என்னை மடியில் வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். அம்மாவைத் தன் உயிர் என்று சொன்னவர். அதுவும் பொய்யில்லை. பொய்யே இல்ல, அதான் தாங்கல. இவரை நான் என்ன பண்றது?

அக்டோபர் 12

பிரசவித்தவளிடம் என்ன சொல்லியிருப்பார்கள்?

அக்டோபர் 19

எதுர்னே தொலைபேசியில் கூப்பிட்டாள். அழைப்பில் மழைச் சத்தமும் கேட்டது. தன் அம்மா கார்மெலேயிடம் சொல்லிவிட்டாளாம்.

“அழுவாங்கன்னு நெனச்சேன். அழல. ‘ரெண்டு குரல் கேட்டுச்சுன்னு நான் சொன்னேன்ல’ அப்படின்னாங்க. பெரியவ நான்தானாம். ரெண்டாவது செத்தே பொறந்துச்சுன்னாங்களாம், பாக்கவும் விடலியாம். அழுத சத்தம் கேட்டுச்சேன்னதுக்கு, காய்ச்சல்ல அப்படித் தோணும்னு கன்னியாஸ்திரீங்க நடத்தின அந்த நர்சிங் ஹோம்ல சொல்லிட்டாங்களாம். எங்கப்பாகூட நம்பல. அம்பது வருஷமா இவங்களைக் கொஞ்சம் மனசு சரியில்லாதவங்கன்னே வெச்சிருந்தோம். நானும்தான்.”



“பாக்க வரணும்ங்கறாங்க,” என்றாள்.

“யாரை?”

“அவங்க பொண்ணை.”

அக்டோபர் 27

எதுர்னே சொல்லி நானும் மரபணுச் சோதனைக்கு எச்சில் கொடுத்திருந்தேன். பரிசோதனைத் தாள் வந்தது. ஒரு நாள் முழுக்க உறையைக் குடுவைக்குக் கீழே வைத்திருந்தோம். கடைசியில் சாரோ அக்காதான் பிரித்தாள். படித்துவிட்டு, “ஆமாம்” என்றாள்.

நவம்பர் 1

சகல புனிதர்கள் திருநாள். கல்லறைக்குப் போகும் பேருந்தில் எப்போதும் போல அல்ஹம்ப்ராவுக்குப் போகிறவர்களும் நிறைந்திருந்தார்கள். எங்கள் மடியில் செவ்வந்திப் பூ, அவர்கள் மடியில் வரைபடம். அவர்கள் முதலில் இறங்கினார்கள்.

தன் அம்மாவோடு வந்திருந்த எதுர்னே முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். சாயம் போட்டதையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டாள், மிச்சம் வெறும் நரை. மூக்குக் கண்ணாடி வேறு. வழியில் ஒருவர்கூட அவளை எங்கார்னா என்று கூப்பிடவில்லை. “பெரியம்மா,” என்று நான்தான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள்.

கார்மெலே குள்ளமான, எலும்பு தெரியும் கிழவி. கை மட்டும் பெரிசு. வலை பின்னியே பெருத்துப்போன விரல்கள். அம்மாவை அடக்கிய மாடம் கல்லறைச் சுவரில் மூன்றாம் வரிசையில் இருக்கிறது. அவளுக்கு எட்டவில்லை. அப்பா ஏணியை இழுத்து வந்து, அவள் ஏறும்போது இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பளிங்கில் அம்மாவின் பெயர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். கீழே பார்த்து என்னிடம் கேட்டாள்.

“என்ன பிடிக்கும் அவளுக்கு?”

சண்டை பிடிக்கும் என்றேன். ஆரஞ்சு பிடிக்கும். மழை பிடிக்காது. செருப்பு போட்டால் அரை மணி நேரத்தில் கழற்றிவிடுவாள். பாடத் தெரியாது, ஆனால் பாடுவாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எவ்வளவு சொன்னாலும் அவள் ஏணியிலிருந்து இறங்கவில்லை. கீழே அடுத்த குடும்பம் பூவோடு காத்திருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கார்மெலே, “அந்த ஆளு எங்க?” என்றாள்.

பெரியம்மா தடுத்தாள். கிழவி கேட்கவில்லை. படி ஏறினாள். நாங்கள் பின்னால் ஏறினோம். தாத்தா ஜன்னலோரம் வெயிலில் இருந்தார். கார்மெலே அவர் எதிரில் போய் நின்றாள். திட்டுவாள், அடிப்பாள், ஏதாவது செய்வாள் என்றுதான் நினைத்தேன். செய்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன்.

தாத்தா அவளைச் சிரித்த முகமாகப் பார்த்தார். அவருக்கு அவளும் அந்த நர்சிங் ஹோம் சிஸ்டர்களில் ஒருத்தி.

“வாங்க, வாங்க. எங்க கொழந்தை நல்லா இருக்கா, பாலெல்லாம் குடிக்கறா.” பிறகு கவலையோடு குனிந்தார். “அந்த இன்னொண்ணு, ரொம்ப அழுதுச்சே. அடங்கிடுச்சா?”

கார்மெலே திரும்பி, வாசலில் நின்ற பெரியம்மாவைப் பார்த்தாள். ஒட்ட வெட்டிய தலை, கண்ணாடி, கன்னமெல்லாம் ஈரம்.

“இல்ல,” என்றாள். “இன்னும் அடங்கல.”

நவம்பர் 4

இரண்டு பேரையும் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே போகிறேன். அப்பாவும் வருவதாகச் சொன்னார், யாரும் கேட்காமலே.

நவம்பர் 9

கடை திறந்தோம். மீன்கார பாஸ்குவால் வந்து எட்டிப் பார்த்தான். “எங்கார்னா எங்க, காணோமே?”

“அவ செத்துப் போயிட்டாய்யா,” என்றார் அப்பா. “ஜூன்ல. நீகூட வந்திருந்தியே.”

அவனுக்கு ஒரு கோப்பை ஊற்றி, பக்கத்தில் கத்தரிக்காய் வைத்தார். பிறகு அன்றைய கூட்டம் முடியும்வரை இருக்கிறவர்களிடமெல்லாம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

சாரோ அக்காவுக்கு முழங்கால் வலி. அதனால் தாத்தாவுக்கு நானே சூப்பு எடுத்துக்கொண்டு போனேன். துண்டு கட்டி, ஆற்றி, ஊட்டினேன். பாதியில் நிறுத்தி என் முகத்தை உற்றுப் பார்த்தார். கண் தெளிவாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படி ஒரு தெளிவு.

“நீ... எனக்குத் தெரிஞ்ச முகமா இருக்கே. யாரும்மா நீ?”

வாயைத் துடைத்துவிட்டேன்.

“கீழே கடையில சமையல்காரிங்க,” என்றேன்.